ஓசை கொடுத்த நாயகி

திருச்சிற்றம்பலம்

 

திருவிழாக் காலத்தின் பத்து நாளும் நம் திருக்கோயிலில் இசை நிறைந்திருக்கின்றது. விடியலில் நாகசுரம் ஒலிக்கின்றது. பூசை வேளைகளில் ஓதுவார் திருமுறை விண்ணப்பம் செய்கின்றார். இரவில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி முழங்குகின்றது. இத்துணை இசைக்கும் நடுவே நம் பிள்ளைகள் இராட்டினத்தையும் பொம்மைக் கடையையும் நாடி ஓடுகின்றனர். ஓதுவாரைச் சூழ்ந்து நிற்பவர் நரைத்த தலையினர் சிலரே. பிள்ளைகளுக்குப் பண்ணிசையில் நாட்டம் இல்லையே என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். அக்குறை பிள்ளைகளுடையதா, அவர்களிடம் இசையைக் கொண்டுசெல்லும் நம்முடையதா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இன்றைய சொற்பொழிவின் நோக்கமாகும்.

பொற்றாளம் பெற்ற பிள்ளை

சீகாழிக்கு மிக அருகில் திருக்கோலக்கா என்னும் தலம் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர், மூன்று வயதில் சீகாழித் திருக்குளக்கரையில் ஞானப்பால் உண்டு, நட்டபாடைப் பண்ணில் தம் முதற் பதிகத்தை அருளிச்செய்தார் என்பது யாவரும் அறிந்ததே. அதன்பின் அவர் சென்று வழிபட்ட தலம் திருக்கோலக்கா. அங்கே அவர் பாடும்போது, தம் பிஞ்சுக் கைகளையே தட்டித் தாளம் இட்டார். கை சிவக்கும் என்று கருதிய இறைவன், திருவைந்தெழுத்துப் பொறித்த பொற்றாளத்தை அவர்க்கு அருளினான் எனச் சேக்கிழார் பெருமான் பாடியுள்ளார். பொன்னினால் செய்த தாளம் வெண்கலம் போல ஒலிக்காதன்றோ? அதனால் அம்பிகை அத்தாளத்திற்கு ஓசையைக் கொடுத்தாள் என்பது தல வரலாறு. ஓசை கொடுத்த நாயகி என்னும் திருநாமத்துடன் அங்கே அவள் இன்றும் எழுந்தருளியிருக்கின்றாள்.

இவ்வரலாற்றில் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் முறை முழுவதும் அடங்கியிருக்கின்றது என்று எனக்குத் தோன்றுகின்றது. இறைவன் அக்குழந்தைக்கு ஓர் இலக்கண ஏட்டைக் கொடுக்கவில்லை. கையில் பிடித்துத் தட்டுவதற்கு ஒரு கருவியைக் கொடுத்தான். அன்னையோ அதற்கு ஓசையைத் தந்தாள். சம்பந்தருடையது அருளால் ஓதாது உணர்ந்த ஞானம். நம் பிள்ளைகளோ பயிற்சியால்தான் அதனைப் பெறுதல் வேண்டும். ஆயினும் செவி கேட்டு, கை தட்டி, வாய் பாடி, அதன்பின் அறிவு அதன் பெயரைத் தெரிந்துகொள்ளும் அந்த முறை இருவர்க்கும் பொதுவானதே.

மாணாக்கர் நன்மைக்காக வெட்டிய கல்

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி திருக்கோயிலை ஒட்டிக் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. அதன் அருகே பாறையின் முகத்தில் இசைக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது ஏறத்தாழச் சம்பந்தர் காலமாகிய 7-ஆம் நூற்றாண்டினது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அதில் கதை இல்லை; கொடைச் செய்தியும் இல்லை. வரிவரியாகச் சுரங்களே உள்ளன. ஏழு இராகங்களுக்கு உரிய சுரக்கோவைகள் ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகக் கூறுபடுத்தி வெட்டப்பட்டுள்ளன.

அக்கல்வெட்டின் இறுதியில் வரும் செய்தி நம் உள்ளத்தைத் தொடுவது. உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனும் சிவபெருமானுக்கு மீளா அடியவனுமாகிய ஓர் அரசன், மாணாக்கரின் நன்மைக்காக இதனைச் செய்தான் என்பதே அதன் கருத்து. தன் பெயரைக்கூட அவன் பொறிக்கவில்லை. அவன் இன்னார் என்பது பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். எனினும் தான் ஒருவர்க்கு மாணாக்கன் என்பதையும், இது பிற மாணாக்கர்க்காக என்பதையும் சொல்ல அவன் மறக்கவில்லை. மலையே ஒரு பாடப் பலகையாயிற்று. நீண்ட சுரவரிசையை நான்கு நான்காகப் பிரித்துக் கொடுத்தால் நாவும் விரலும் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதை அக்காலத்து ஆசிரியர் அறிந்திருந்தனர். கற்பவனின் வாய்க்கு ஏற்ற அளவில் கவளம் உருட்டிக் கொடுத்தனர் என்க.

ஏடு கிடைத்தது; பண் கிடைக்கவில்லை

பிள்ளைகளுக்கு இசையைக் கையளிக்கத் தவறினால் யாது நிகழும்? இதற்கு விடை திருமுறை கண்ட வரலாற்றிலேயே உள்ளது. மூவர் பாடல்கள் தில்லையில் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவ்வறையைத் திறப்பித்தபோது ஏடுகளிற் பலவற்றைச் செல் அரித்திருந்தது. எஞ்சியவற்றை நம்பிகள் தொகுத்தார். இது நாம் அடிக்கடி கேட்கும் பகுதி. அதன் பிற்பகுதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

ஏடுகள் கிடைத்தபின்னும் அவற்றைப் பாடும் முறை கிடைக்கவில்லை. எழுத்து ஓலையில் தங்கும். ஓசை ஓலையில் தங்காதன்றோ? மன்னனும் நம்பியும் இறைவனை வேண்ட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய பெண் ஒருத்தி திருஎருக்கத்தம்புலியூரில் இருக்கின்றாள் என்னும் குறிப்புக் கிடைத்தது. அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவள் வாயிலாகவே பதிகங்களுக்குப் பண் வகுத்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது.

சம்பந்தருடன் யாழேந்தி ஊர்கள்தோறும் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் வழியில் வந்த அப்பெண்மணி, சிறுமியாய் இருந்தபோது தன் வீட்டுப் பெரியோர் பாடக் கேட்டுத் தானும் பாடிப் பழகியிருப்பாள் என்று கொள்வதே பொருத்தமாகும். ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு மாலைப் பொழுதில், ஒரு குழந்தையை அருகில் இருத்திக்கொண்டு யாரோ பாடியதனால் அன்றோ நமக்கு இன்று பண் உண்டு? அரசனால் ஏட்டை மீட்க முடிந்தது. பண்ணை மீட்பதற்கு அவனும் அவ்வீட்டு வாயிலைத்தான் நாட வேண்டியிருந்தது.

இராசராசன் செய்த ஏற்பாடு

தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன், தன் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-ஆம் ஆண்டளவில், அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பிடாரர்களையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. இவ்விவரம் அக்கோயிற் கல்வெட்டிலேயே உள்ளது.

அக்கல்வெட்டு மேலும் ஒன்று சொல்கின்றது. இவர்களுள் ஒருவர் இறந்தாலோ, வேறிடம் சென்றாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடுதல் வேண்டும். அவ்வுறவினர் அதற்குத் தகுதி உடையவராய் இல்லையெனில், தகுதியுடைய வேறொருவரைப் பாடச்செய்தல் வேண்டும். இன்று பாடுகின்றவனோடு இவ்வறம் நின்றுவிடலாகாது என்பதை அம்மன்னன் முன்னரே எண்ணிப் பார்த்துள்ளான். தந்தை பாடும் இடத்தில் தானும் ஒருநாள் நிற்க வேண்டும் என்று அறிந்த பிள்ளை, பெரியோர் நடுவே நின்று கேட்டே வளர்ந்திருப்பான். நாற்பத்தெட்டுப் பேர் ஒருங்கே பாடும் ஒலியைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஒரு சிறுவனுக்கு வேறு உண்டோ?

எளிய வாயில் கண்ட பெரியோர்

பின் வந்த நூற்றாண்டுகளிலும் இசைப் பெரியோர் பிள்ளைகளை மறக்கவில்லை. கன்னட நாட்டில் தோன்றி 1564-ஆம் ஆண்டு மறைந்த புரந்தரதாசரைக் கருநாடக இசையின் பிதாமகர் என்று போற்றுகின்றோம். சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறும் பாட முறையை வகுத்தவர் அவரே என்பது இசை மரபு. அவ்வரிசைகளை அவர் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைத்தார். அந்த இராகத்தில் ச ரி க ம என்னும் முற்பாதியும், ப த நி ச என்னும் பிற்பாதியும் ஒரே இடைவெளி அமைப்பினை உடையன. முற்பாதியைப் பாடப் பழகிய குழந்தையின் குரல் பிற்பாதியைத் தானே பற்றிக்கொள்கின்றது.

இது நமக்குப் புதிய இராகமும் அன்று. இந்தளம் என்னும் பண்ணை நம் ஓதுவார்கள் மாயாமாளவகௌளையிற் பாடுதல் வழக்கம். திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனைப் பாடிய முதற் பதிகம் இந்தளமே. அவர் தொடங்கிய பண்ணின் ஓசையிலேயே இன்றும் தென்னாட்டுப் பிள்ளைகள் இசைப் பயிற்சியைத் தொடங்குகின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. வரிசைகள் முடிந்து முதலிற் கற்கும் கீதமோ மலகரி இராகத்தில் விநாயகப் பெருமானைத் துதிப்பது. விட்டலனைப் பாடிய அடியார், பிள்ளைகளுக்கு முதலிற் கொடுத்தது பிள்ளையார் பாட்டு.

1835-ஆம் ஆண்டு மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூரில் தோன்றியவர். ஆழ்ந்த கீர்த்தனங்களைச் செய்தவர். அவரே சென்னை மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் சிவபெருமானையும் அம்பிகையையும் முருகனையும் போற்றும் சிறு பாடல்களை அமைத்தார். நோட்டுசுர சாகித்தியம் எனப்படும் அவை ஏறத்தாழ 40 உள்ளன. கமகச் சிக்கல் இல்லாத, துள்ளி நடக்கும் அச்சிறு பாடல்கள் இன்று குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பெரிதும் பயன்படுகின்றன. பெரும்புலவர் ஒருவர் எளிமையாகப் பாடுவதைத் தமக்குக் குறைவென்று கருதவில்லை.

அடைத்த கதவுகள்

அன்பர்களே! புகழ்ச்சி மட்டும் சொல்லி அமைவது வரலாறு ஆகாது. கோயிலே இசைப்பள்ளி என்று சொன்னோம். அப்பள்ளியின் வாயில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்ததா? இல்லை. பல குடிப் பிள்ளைகள் நெடுங்காலம் மதிலுக்கு வெளியே நின்று, காற்றில் மிதந்து வந்த நாகசுரத்தை மட்டுமே கேட்டனர். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாளன்றுதான் அக்கதவு திறந்தது. 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது.

இது சம்பந்தர் காட்டிய வழிக்கு மாறானது. பாணர் குடியிற் பிறந்த யாழ்ப்பாணரையும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரையும் அவர் தம்முடனேயே அழைத்துச் சென்றார். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கரின் இல்லத்தில் அவ்விருவரும் தங்க இடம் வேண்டியபோது, நீலநக்கர் வேள்வி மேடையின் அருகிலேயே இடம் அளித்தார். வேள்வித் தீயும் வலம் சுழித்து ஓங்கி எரிந்தது என்பது பெரியபுராணச் செய்தி. இசைக்கு இடம் கொடுத்த வீட்டில் தீயும் மகிழ்ந்தது. அதனை ஓதியும் நாம் உணராமற் போனது நம் பிழையே. எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணி பண் வகுத்த நாட்டில், பெண்கள் ஓதுவார் பயிற்சி பெற்றுக் கோயிற் பணியில் அமர்தல் இந்த நூற்றாண்டில்தான் கைகூடியது. இனி எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கலாகாது.

பள்ளியும் சங்கமும்

ஈழத்தில் ஆறுமுக நாவலர் பெருமான் 1848-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் காட்டிய வழியில் எழுந்த சைவப் பாடசாலைகளில் தேவாரம் ஓதி நாளைத் தொடங்கும் வழக்கம் வேரூன்றியது. மட்டக்களப்புப் பகுதியில் பிறந்து, பள்ளிகள் பல நடத்திய விபுலானந்த அடிகள், பழந்தமிழரின் யாழையும் பண்ணையும் பல்லாண்டு ஆராய்ந்து யாழ்நூல் இயற்றினார். அது 1947-ஆம் ஆண்டு, சம்பந்தர் பாடல் பெற்ற திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. தமிழகத்தில் 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1949-ஆம் ஆண்டு முதல் அச்சங்கத்தில் நிகழ்ந்த பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களும் இசைப் புலவர்களும் ஒருங்கிருந்து, ஒவ்வொரு பண்ணையும் பாடிக் காட்டி ஆராய்ந்தனர். திருமடங்களின் தேவாரப் பாடசாலைகளும் ஓதுவார்களை உருவாக்கி வந்துள்ளன.

இவையெல்லாம் பெருந்தொண்டு. எனினும் ஊர்தோறும் உள்ள சாதாரணப் பள்ளிப் பிள்ளையிடம் இத்தொண்டின் பயன் முழுமையாகச் சென்று சேரவில்லை. அதற்கு ஒரு காரணத்தை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கின்றேன்.

பெயர் தெரியும், ஓசை தெரியாது

சிறுவயதில் நான் திருமுறைப் போட்டி ஒன்றிற்காகப் பண்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தேன். எந்தப் பதிகம் எந்தப் பண், அதற்கு நேரான இராகம் எது என்று கேட்ட மாத்திரத்தில் விடை சொன்னேன். பரிசாக ஓர் எவர்சில்வர் தட்டும் பெற்றேன். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கோயில் ஓதுவாரிடம் பெருமையுடன் காட்டினேன். முதியவர், பார்வை மங்கியவர். தட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நட்டபாடை என்று சொன்னாயே, அதைக் கொஞ்சம் பாடு, கேட்போம்" என்றார். நான் விழித்தேன். எனக்கு அதன் பெயர் தெரியும்; ஓசை தெரியாது.

அவர் சினக்கவில்லை. "இன்றிரவு புறப்பாட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார். சென்றேன். சுவாமி எழுந்தருளியதும் நாகசுரத்தில் மல்லாரி எழுந்தது, தவில் அதிர்ந்தது. ஓதுவார் என் தோளில் கைவைத்து, "இது கம்பீரநாட்டை. நட்டபாடையை நாங்கள் பாடுவதும் இதில்தான். மூன்று வயதுப் பிள்ளை முதலிற் பாடிய பண் இதுதான், தம்பி" என்றார். ஆண்டுதோறும் அந்த மல்லாரியைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதுதான் இது என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிரவு முதல் அப்பண் எனக்கு அந்நியமாய் இருந்ததில்லை. அந்தத் தட்டு எங்கே போயிற்று என்று தெரியாது. தோளில் பட்ட அந்தக் கையை மட்டும் இன்றும் உணர்கின்றேன்.

பெயரை முன்னும் ஓசையைப் பின்னுமாக நாம் வைத்ததே குறை. பதிகங்களைப் பண்ணின்றி ஒப்புவிக்கச் செய்து பரிசு கொடுக்கின்றோம். பிள்ளை பரிசை வாங்கிக்கொண்டு பாட்டை மறந்துவிடுகின்றது. கோயிலோ நாள் முழுவதும் ஓசையாகவே அப்பாடத்தை நடத்திக்கொண்டிருக்கின்றது. விடியலில் ஒலிக்கும் பூபாளம் புறநீர்மைப் பண்ணுக்கு உரியது. பள்ளியறையில் ஒலிக்கும் நீலாம்பரி மேகராகக் குறிஞ்சிக்கு உரியது. தொட்டிலில் தாய் பாடிய தாலாட்டும் பல வீடுகளில் நீலாம்பரியே. குழந்தை இவற்றை முன்பே அறியும். அறிந்ததற்குப் பெயர் சூட்டுவதே ஆசிரியன் வேலை.

நாம் செய்யத்தக்கவை

பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. கோயில்தோறும் மாலைப் பூசைக்குப் பின் அரைமணி நேரம் பிள்ளைகளை ஓதுவார் அருகில் அமரச் செய்வோம். திங்களுக்கு ஒரு பண், ஒரு பதிகம் போதும். முதல் வாரம் அவர்கள் கேட்கட்டும். கையால் தாளம் இடட்டும். இயன்றால் ஆளுக்கொரு சிறு கைத்தாளம் கொடுப்போம். திருக்கோலக்காவில் இறைவன் கொடுத்தது அதுவே. அடுத்த வாரம் ஓர் அடியை ஓதுவார் பாட, அவர்கள் திருப்பிப் பாடட்டும். பொருளைக் கதையாகச் சொல்வோம். திங்கள் முடிவில் பண்ணின் பெயரையும் இராகத்தின் பெயரையும் சொல்வோம். புறப்பாட்டின்போது அப்பிள்ளைகள் ஓதுவாரின் பின்னே பாடிக்கொண்டு வரட்டும். தவறாகப் பாடினால் உலகம் கவிழ்ந்துவிடாது. கூட்டத்தோடு பாடும் குழந்தைக்கு அச்சம் இல்லை. அச்சம் இல்லாத குரல் விரைவில் சுருதியிற் சேரும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். இன்று கைப்பேசியில் எந்தப் பதிகத்தையும் எந்நேரமும் கேட்கலாம். அது பெரும்பேறு. எனினும் கருவி பாடினால் குழந்தை கேட்கும். தாயும் தந்தையும் பாடினால் குழந்தை பாடும். குரல் இனிமையாய் இல்லையே என்று கூச வேண்டா. எருக்கத்தம்புலியூரில் அச்சிறுமிக்குப் பாடிக்காட்டிய முதியோரின் குரல் எப்படியிருந்தது என்று யார் கேட்டனர்? அவர்கள் பாடினர் என்பதே போதுமானதாயிற்று.

நம் பிள்ளைகளின் கையில் பொற்றாளம் போன்ற நல்ல கருவிகள் எத்தனையோ இன்று உள்ளன. அவற்றுக்கு ஓசை கொடுப்பவர் வேண்டும். இன்றிரவு மல்லாரி எழும்போது, இராட்டினத்தருகே நிற்கும் உங்கள் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அதன் தோளில் கைவைத்து, இது சம்பந்தப் பிள்ளையார் முதலிற் பாடிய பண்ணின் ஓசை என்று சொல்லுங்கள். மற்றதை ஓசை கொடுத்த நாயகி பார்த்துக்கொள்வாள்.

திருச்சிற்றம்பலம்